பதினேழுக்குச் சாட்சி நாற்பத்தொன்று

நவம்பர் 18
மழை: 4.2 மி.மீ.

எட்டரைக்கு அளந்தேன். கணினியைத் திறந்து குழாமின் தளத்துக்குப் போனால், 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வந்தது. நான் மாடி வீட்டில் தனியாக வாழும் அறுபத்தோரு வயதுப் பெண். இதைச் சொல்ல எனக்கு ஓர் இயந்திரம் தேவையில்லை.

மழை அளப்போர் குழாம் என்பது உறுப்பினர்களுக்கு மட்டுமான தளம். மாநிலம் முழுவதும் மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கும் நூற்றுச் சொச்சம் பேர், தினமும் காலை எட்டரைக்கு அளந்து, முந்தைய நாளின் மழையை அதில் பதிகிறோம். எதற்கு என்று கேட்பவர்களுக்கு உறுப்பினராகும் தகுதி இல்லை. பெயர் போடக் கூடாது. நிலைய எண்ணும் ஊரும் மட்டும்தான். தொடக்கத்தில் பெயர் போட்டார்களாம். பெயரோடு பட்டம் வந்தது, பட்டத்தோடு பழைய பதவி வந்தது. ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் வீட்டில் பெய்த மழைக்கு எல்லோரும் வாழ்த்துச் சொல்லத் தொடங்கியதும் பெயரை எடுத்துவிட்டார்கள். நான் நிலையம் 17, மயிலாடுதுறை.

அளவுக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. காற்று, இடி முதலியவற்றுக்காக வைத்தது. பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுவார்கள். நிலையம் 41, செம்பனார்கோயில், விடுவதில்லை. போன வாரம் எழுதியிருந்தது: 'மழை இல்லை. குடையை எடுத்துச் சென்றேன், மரியாதைக்காக.'

இதற்கு ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். அதற்கு அவசரமில்லை. ஆனால் 4.2 மி.மீ. பதியப்படாமல் போவது அறிவியலுக்கு நல்லதல்ல.

நவம்பர் 19
மழை: 11.0

இணையப் பெட்டி கீழே தங்கை வளர்மதி வீட்டில் இருக்கிறது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அணைத்துப் போட்டேன்.

"என்னக்கா, காலங்காத்தால வயரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுற? கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சிக்கிட்டிருந்தேன், போச்சு."

"தளம் திறக்க மாட்டேங்குது. மழையைப் பதியணும்."

"பெஞ்ச மழையைத்தான் ஊரே பாத்துச்சே. நனைஞ்சவனுக்குத் தெரியாதா?"

"எத்தனை மில்லிமீட்டர்னு தெரியாது."

"ஆமா, அது தெரியாமதான் மாயவரமே சோறு தண்ணி இல்லாம கெடக்கு."

குழாமின் உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று உடனே பதில் வந்தது. அவ்வளவு விரைவாக யாரும் எதையும் பரிசீலிக்க முடியாது. முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் அதே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நவம்பர் 21
மழை: 2.6

உதவிப் பிரிவு என்பது ஒரே ஓர் ஆள். கடலூர் தேவநாதன், ஓய்வுபெற்ற பொறியாளர். சம்பளம் கிடையாது; ஆகவே கண்டிப்பு அதிகம். இன்று தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு என்ன தேதி?"

சொன்னேன்.

"நீங்க சொல்றது இல்ல. உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

திரையின் மூலையைப் பார்த்தேன். 2009, ஜனவரி 1.

"அதான் விஷயம். உள்ள கடிகாரத்துக்குன்னு ஒரு செல் இருக்கும். அது செத்துப்போச்சு. தளத்தோட சான்றிதழ் இந்த வருஷத்துது. உங்க கம்ப்யூட்டர் 2009-ல நின்னுக்கிட்டு இன்னும் பொறக்காத சான்றிதழை எப்படி மேடம் நம்பும்?"

நியாயமான வாதம். 2009-இல் செம்பனார்கோயிலில் மழைமானியே கிடையாது. அந்த ஆண்டில் தங்கியிருக்க எனக்கு விருப்பமில்லை. மணிக்கூண்டுப் பக்கம் கடிகாரக் கடையில் செல் வாங்கி மாட்டச் செய்தேன். தளம் திறந்தது.

திறந்து, கடவுச்சொல் தவறு என்றது. தளம் புதிய இடத்துக்கு மாறியதால் பழைய கடவுச்சொற்கள் எல்லாம் செல்லாதாம். புதியது வேண்டுமென்றால் சேரும்போது தந்த மின்னஞ்சலுக்கோ தொலைபேசி எண்ணுக்கோ இணைப்பு அனுப்புவார்களாம். நான் தந்தது அலுவலக முகவரி. ஓய்வுபெற்ற அன்று சாயங்காலம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மறுநாள் காலை முகவரியை எடுத்துவிட்டார்கள். இணைப்பு அங்கே போயிருக்கும். வாங்க ஆளில்லை.

நவம்பர் 23
மழை: 0.0

உள்ளே நுழையாமல் முகப்பை மட்டும் பார்க்கலாம். அதில் ஒரு வரைபடம். அன்றைய மழையைப் பதிந்த நிலையங்கள் பச்சை, பதியாதவை சாம்பல். 17 சாம்பல். எதிர்பார்த்ததுதான்.

41-உம் சாம்பல்.

செம்பனார்கோயிலில் மின்சாரம் இல்லாமல் இருக்கலாம்.

நவம்பர் 24
மழை: 0.6

சாம்பல்.

நவம்பர் 25
மழை: 0.0

சாம்பல். செம்பனார்கோயிலில் மின்சாரம் இருக்கிறதாம். கீழ்வீட்டுக்குப் பூக் கொண்டு வரும் ராசாயி அங்கிருந்துதான் வருகிறார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

நவம்பர் 26
மழை: 0.0

தரங்கம்பாடிக்குப் போய்க் கடல் பார்த்துவரலாம் என்று தோன்றியது. கடல் பார்த்து வெகுகாலம் ஆகிறது. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தேன். செம்பனார்கோயில் நெருங்கியதும் மொட்டைமாடிகளைக் கவனித்தேன்; வேறு பார்க்க ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, வற்றல் காயும் பாய், ஒரு நாய். மழைமானி எதுவும் தென்படவில்லை.

தாகமாக இருந்ததால் அங்கேயே இறங்கினேன். கடைத்தெருச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். நின்று படித்தேன். மூன்று பேர். ஒருவர் அரிசி ஆலை அதிபர், கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். ஒருவர் கட்சிக்காரர். மூன்றாவது ஒரு மூதாட்டி. அவருக்குப் பேரன்கள் பட்டியலே அரைச் சுவர். மூவர் முகத்திலும் மழை அளந்த சாயல் இல்லை. டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

தரங்கம்பாடிப் பேருந்து கூட்டமாக வந்தது. திரும்பிவிட்டேன்.

"கடல் எப்படிக்கா இருந்துச்சு?" என்றாள் வளர்மதி.

"அப்படியேதான் இருக்கு."

நவம்பர் 30
மழை: 0.0

தேவநாதன் மறுபடியும் அழைத்தார். நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். ஆதார் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன்.

"ஆதார்ல மங்கையர்க்கரசின்னு இருக்கு மேடம். அது நீங்கதான், நான் இல்லங்கல. ஆனா அதுல எங்க நிலையம் 17-ன்னு போட்டிருக்கு?"

"பென்ஷன் புத்தகம் அனுப்பட்டுமா சார்?"

"அதுலயும் மழை இருக்காதே."

கோபம் வரவில்லை. உயிரோடு என் மேசை முன்னால் நின்றவர்களிடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டவள் நான். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கும் மரியாதையோடு அடுத்து என்ன கேட்பார் என்று காத்திருந்தேன்.

"பக்கத்து நிலையம் ஒண்ணைச் சாட்சியா எழுதிக் குடுத்திருப்பீங்க. அவங்க உள்ள நுழைஞ்சு, ஆமா இவங்கதான்னு ஒரு பொத்தானை அழுத்தினா போதும். உங்க சாட்சி யாரு?"

"நாற்பத்தொன்று."

எதிர்முனையில் தாள் புரட்டும் ஓசை. பிறகு பெருமூச்சு.

"மேடம், தனிநபர் விவரம், இதைக்கூட நான் சொல்லக் கூடாது. உங்க சாட்சியும் வெளியிலதான் நிக்கிறார். அவர் குடுத்த போன் நம்பர் இப்ப ஏதோ கோழிக்கடையில இருக்காம். ஒரு வாரமா தெனம் எனக்குப் போன் பண்றார். உங்க சாட்சி யாருன்னு கேட்டா, பதினேழுங்கிறார்."

"ஓ."

"அவர் உள்ள வந்தாதான் நீங்க வரலாம். நீங்க உள்ள வந்தாதான் அவர் வரலாம். நூத்துச் சொச்சம் பேர்ல இப்படி ஒருத்தரை ஒருத்தர் எழுதிக் குடுத்து மாட்டிக்கிட்டது நீங்க ரெண்டு பேர்தான்."

மிகவும் வருந்தத்தக்க நிலைமை. இன்று இரண்டாவது தடவையும் காபி போட்டுக் குடித்தேன். சாயங்காலம் ராசாயியிடம் ஒரு முழம் பூ வாங்கினேன், மீந்துவிட்டது என்றார்.

டிசம்பர் 2
மழை: 0.0

சாட்சி விஷயம் எப்படி வந்தது என்பதைப் பதிந்துவைப்பது நல்லது.

ஒரு கார்த்திகையில் என் மழைமானி ஒரே இரவில் 214 மி.மீ. காட்டியது. அப்படியே பதிந்தேன். குழாமில் சிரித்தார்கள். '17 கூரைத் தண்ணீரைப் பிடிக்கிறார்' என்றது நிலையம் 8. 'மழைமானியா, அண்டாவா?' என்றது நிலையம் 22. மூன்று தடவை அளந்தேன் என்று எழுதினேன். நான்காவது தடவையும் அளக்கச் சொன்னார்கள். மத்தியானம், 41 முதன்முதலாகக் குறிப்புக் கட்டத்தில் எழுதியது. அப்போது அது புதிய நிலையம். 'எனக்கு 209. 17 பொய் சொல்வதில்லை.'

எனக்கு இப்படி யாரும் எழுத்தில் தந்ததில்லை. பணி ஓய்வின்போது தந்த பாராட்டுப் பத்திரத்தில்கூட 'காலந்தவறாமை' என்றுதான் இருந்தது.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ஒவ்வொரு நிலையமும் ஒரு சாட்சி நிலையத்தைத் தர வேண்டும் என்று விதி வந்தது. நான் கேட்காமலே 41 என்று எழுதிக் கொடுத்தேன். அவரும் கேட்காமலே எழுதியிருக்கிறார். கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

டிசம்பர் 5
மழை: 0.0

குழு கூடி முடிவெடுத்துவிட்டதாம். குழு என்றால் தேவநாதனும் இன்னும் இருவரும். தொலைபேசியில் படித்துக் காட்டினார்.

இருவரும் ஒரே நாள் காலையில் தனித்தனியே அவருக்கு அன்றைய அளவைச் சொல்ல வேண்டும். இரண்டு நிலையங்களும் அருகருகே என்பதால் அளவுகள் ஏறக்குறைய ஒத்துப்போனால், அந்த மாடிகளில் நின்று அளப்பவர்கள் நாங்களே என்று கொள்ளப்படும். இருவரையும் உள்ளே விடுவார்கள்.

"இன்னிக்கே சொல்றேன் சார். பூஜ்யம்."

"அவரும் அதைத்தான் சொன்னார். பூஜ்யம் செல்லாது மேடம். பூஜ்யத்தை யார் வேணா எழுதலாம். திருச்சியில உக்காந்துக்கிட்டும் எழுதலாம். மழை பெய்யட்டும்."

"பெய்யலைன்னா?"

"முப்பத்தொண்ணாந் தேதியோட சரிபார்க்காத நிலையத்தையெல்லாம் எடுத்துடுவோம். அளவு, குறிப்பு எல்லாம் போயிடும். புது ஆளா வேற நம்பர்ல சேந்துக்கலாம்."

அத்தனை வருடக் குறிப்புகளும். காற்றைப் பற்றி, இடியைப் பற்றி.

அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். விதி 11-ஐ அனுப்பிவைத்தார்: 'அளவுகள் முரண்பட்டால், சாட்சி நிலையத்தார் நேரில் சென்று, மழைமானியின் நிலையையும் அளப்பவரின் நிலையையும் கண்டறிந்து ஒப்பமிடுவார்.' இதுவரை யாரும் இதைப் பயன்படுத்தியதில்லையாம்.

டிசம்பர் 8
மழை: 0.0

மழைமானியின் புனலைத் துடைத்தேன். ஒரு காக்கை இறகு.

டிசம்பர் 12
மழை: 0.0

தாழ்வு மண்டலம் உருவாகிறது என்றார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தாழ்வு மண்டலம் ஆந்திராவுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வெயிலில் கிரிக்கெட் ஆடினார்கள்.

மாடியில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தபோது வளர்மதி துணி எடுக்க வந்தாள்.

"யக்கா, அந்த நாப்பத்தொண்ணு ஆம்பளையா பொம்பளையா?"

"நிலையம்."

"நிலையத்துக்கு வயசு என்ன இருக்கும்?"

"நான் விசாரிச்சதில்ல."

"இத்தனை வருஷமா தெனம் எழுதிக்கிறீங்க. பேரு கேக்கத் தோணலையா?"

"விதி இருக்கு வளரு. பேரு கேக்கக் கூடாது."

"அடேயப்பா. நீயும் உன் விதியும். பத்து கிலோமீட்டர்க்கா. பஸ்ஸு பத்து நிமிசத்துக்கு ஒண்ணு போவுது."

அவளுக்கு அளவியல் தெரியாது. நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. எட்டுக்கும் சற்றுக் குறைவு.

டிசம்பர் 17
மழை: 0.0

நான் யோசித்து வைத்திருந்த பதில் இது: 'குடைக்கு மரியாதை போதாது. மழைக்கு அது புரிய வேண்டும்.' ஒரு மாதமாகிவிட்டது. இப்போது படித்தால் அவ்வளவு நன்றாக இல்லை. முன்பும் அப்படித்தான், எட்டரைக்கு நன்றாக இருப்பது ஒன்பதுக்குச் சுமாராகிவிடும். ஆனால் ஒன்பதரைக்குள் அங்கிருந்து ஏதாவது வந்துவிடும்.

டிசம்பர் 20
மழை: 0.2

பனியாக இருக்கலாம். தேவநாதனிடம் சொன்னேன். "மேடம், பனிக்கெல்லாம் சாட்சி வேண்டாம்" என்றார். சிறிது தயங்கி, "அவரும் காலைல 0.2-ன்னு போன் பண்ணார்" என்றார்.

டிசம்பர் 22
மழை: 0.0

விதி 11-ஐ மறுபடி படித்தேன். யார் எழுதியதோ, மொழி நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 24
மழை: 0.0

விதி 11-இல் 'அளப்பவரின் நிலை' என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை. குழு கவனிக்க வேண்டும்.

டிசம்பர் 27
மழை: 36.2

நேற்று மத்தியானத்திலிருந்து விடாத மழை. கிழக்கு மேற்கு தெரியாமல் ஒரே சாம்பல். விடிந்த பிறகுதான் ஓய்ந்தது. ராசாயி கூடையில் பாலித்தீன் போர்த்திக்கொண்டு வந்தார்.

"அங்க மழையா?" என்று மாடிப்படியில் இருந்தே கேட்டேன்.

"அங்கேருந்து இங்க வரைக்கும் ஒரே ஊத்தும்மா. ஒரு எடம் பாக்கி இல்ல. நம்ம ஊட்டுல பெஞ்சதுதான் ஒங்க ஊட்டுலயும்."

ஆக, அளவுகள் ஒத்துப்போகும். இன்றே உள்ளே போய்விடலாம். விட்ட இடத்திலிருந்து, நூறு நூறு எழுத்தாக.

எட்டரைக்கு அளந்தேன். தேவநாதனை அழைத்தேன்.

"சொல்லுங்க மேடம், எவ்வளவு?"

"ஏழு."

"ஏழா? டெல்டா பூரா கொட்டுச்சுன்னாங்களே?"

"ஏழுதான் சார்."

மூக்குக் கண்ணாடி அப்போது என்னிடம் இல்லை. தேதிக்குக் கீழே எழுதியிருப்பது கண்ணாடி கிடைத்த பிறகு பார்த்த அளவு. திருத்திச் சொல்வதற்காகத் தேவநாதனை மறுபடி அழைக்க நினைத்தேன். எண் கிடைக்கவில்லை. முயன்றிருந்தால் கிடைத்திருக்கும்.

டிசம்பர் 28
மழை: 1.4

காலை பத்து மணிக்குத் தேவநாதன் அழைத்தார். குரலில் ஓய்வுபெற்ற களைப்பு.

"மேடம், இந்த மாதிரி ரெண்டு பேரை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல. ஒரே மழை. பக்கத்து பக்கத்து ஊரு. நீங்க ஏழுங்கிறீங்க. அவர் என்ன சொல்றார் தெரியுமா?"

"எவ்வளவு சார்?"

"இருநூத்திப் பதினாலு."

கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கீழே வளர்மதி யாரிடமோ கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"சுத்துப்பட்டுல எவனுக்கும் நாப்பதைத் தாண்டல. இருநூறு பெஞ்சிருந்தா செம்பனார்கோயில்ல போட் விட்டிருப்பாங்க. நெசமாவா சார்னு கேட்டேன். 'மூணு தடவை அளந்தேன், நாலாவது தடவையும் அளக்கணுமா?'ங்கிறார்."

"மழைமானியில ஏதோ கோளாறு போலிருக்கு சார்."

"ரெண்டுலயும்தான் கோளாறு. வேற வழியில்ல மேடம், விதி 11. யார் யார் வீட்டுக்குப் போறதுன்னு அதுல தெளிவா இல்ல. அவரைக் கேட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள, நானே போறேன்னுட்டார். நாளைக்குக் காலைல எட்டரைக்கு. உங்க தெருப் பேரை மட்டும் குடுத்திருக்கேன். கதவு நம்பர் தனிநபர் விவரம். மாடியில மழைமானி இருக்கும், பாத்துக் கண்டுபிடிச்சிக்குங்கன்னுட்டேன்."

"சரி சார்."

"அவர் பாத்துக் கையெழுத்துப் போட்டதும் ரெண்டு பேருக்கும் புதுக் கடவுச்சொல் அனுப்பிடறேன். அவசரமா?"

"இல்ல சார்," என்றேன். "மெதுவா அனுப்புங்க."

டிசம்பர் 29

விடிவதற்கு முன்பே மாடியைக் கழுவிவிட்டேன். மழைமானியை மறைக்கும் தென்னை மட்டையை வளர்மதியின் கணவரை விட்டு நேற்றே வெட்டியாயிற்று.

"யாருக்கா வர்றாங்க?" என்றாள் வளர்மதி.

"மழைமானி ஆய்வு."

"ஆய்வுக்கா இந்தப் பொடவை?"

கொசுவத்தைச் சரிசெய்துகொண்டேன். அவள் கீழே போய், ஒரு முழம் பூவோடு திரும்பி வந்து, தானே வைத்துவிட்டுப் போனாள்.

எட்டரை. இன்னும் அளக்கவில்லை. வானம் கழுவிவிட்டது போல் இருக்கிறது. ஒரு மேகம் கிடையாது. தெருமுனையில் ஒருவர், கையில் மடக்கிய குடையோடு, ஒவ்வொரு மொட்டைமாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறார்.